மீதி ஒன்று

திரையில் எட்டு என்று இருந்தது. விழுந்தது ஆறு. மீதி இரண்டைத் தேடி மேனகா அக்காவின் குச்சிக்கிழங்குக் கொல்லைக்குள் நான் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. பயமாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயம்பட்ட காட்டுப்பன்றி எந்தச் செடிக்குப் பின்னால் கிடக்கிறதென்று தெரியாமல் தேடிப் போகிறவளைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால், அவர்கள் பன்றியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

என் பெயர் கனிஷ்கா. காட்டுப்பன்றிக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று என் அட்டையில் அச்சடித்திருக்கிறது. ஊரில் ‘பன்னி மேடம்’. முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

எங்கள் ஊஞ்சக்காடு சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும் நிலக்கடலையும்தான் வெள்ளாமை. இரண்டும் மண்ணுக்குள் விளைபவை என்பதால் வருஷம் முழுக்கப் பன்றிகளுக்கு விருந்து வைக்கிறவர்கள் நாங்கள். முன்பெல்லாம் அவுட்டுக்காய் வைத்தார்கள். கடித்தால் வெடிக்கும். பன்றி கடித்தால் பன்றியின் வாய் போகும், மாடு கடித்தால் மாட்டின் வாய். பிறகு வேலிக்கம்பியில் திருட்டுத்தனமாகக் கரண்ட் கொடுத்தார்கள். மேனகா அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் திருப்பப் போனவர், பக்கத்துக் கொல்லைக்காரன் கட்டிய கம்பியில் கருகிக் கிடந்தார். கம்பி கட்டியவன் ஜெயிலுக்குப் போனான். பன்றிகள் அடுத்த வாரமே வந்தன.

அதனால் கம்பங்கள் வந்தபோது ஊரே கும்பிட்டு வரவேற்றது. தெருவிளக்குக் கம்பத்தின் உயரம், உச்சியில் ஒரு கண், அதற்குக் கீழே ஒரு துப்பாக்கிக் குழல். எல்லாம் சட்டப்படி. சுடுவதற்கு முன் அது தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொள்ளும். இந்த இடம் காட்டு எல்லையிலிருந்து சட்டம் சொல்கிற தூரம் தள்ளி இருக்கிறதா? நிற்பது காட்டுப்பன்றிதானா, இல்லை யாராவது வளர்க்கிற ஊர்ப்பன்றியா? ஊர்ப்பன்றி என்றால் காதில் கால்நடை மருந்தகத்து மஞ்சள் வில்லை இருக்கும். பால்குடிக் குட்டிகள் கூட இருக்கின்றனவா? பக்கத்தில் மனிதர் உண்டா? மனிதர் என்றால் கையில் பட்டை இருக்கும், அது என் திரையில் புள்ளியாகத் தெரியும். அந்தப் பட்டைக்கு ஊரில் காப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லாக் கேள்விக்கும் பதில் சரியாக இருந்தால் என் திரைக்கு வரும். நான் அனுமதி கொடுத்தால் கம்பம் சுடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி கிடையாது, மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே தடவைதான். ஒன்றைச் சுட்டு மற்றதை விட்டால் தப்பியவை புத்திசாலியாகிவிடும். பிறகு அவற்றை எந்தக் கம்பமும் பிடிக்க முடியாது. கூட்டத்தோடு போனால்தான் பலன் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

கம்பம் நட்ட அன்று அதைச் செய்த நிறுவனத்திலிருந்து தர்ஷன் என்ற இன்ஜினியர் வந்து ஊர்க்காரர்கள் எல்லோரையும் அதன் முன்னால் நடக்கவிட்டார். கண்ணுக்கு ஆளைப் பழக்க வேண்டுமாம். ஒவ்வொருவராக நடக்க, திரையில் ‘மனிதர், மனிதர்’ என்று வந்துகொண்டிருந்தது. என் அப்பா மாதையன் நடந்தபோது ‘பன்றி’ என்று வந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் இருபது வருஷம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மூட்டை தூக்கியவர். முதுகு இடுப்போடு மடங்கிவிட்டது. ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் பார்ப்பார். வேகமாகப் போகவேண்டியிருந்தால் கையில் இருக்கும் குட்டைத் தடியை ஊன்றிக்கொண்டு போவார். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கும்.

“ஏன் சார், எங்கப்பாவ அது சுட்டுராதா?” என்று கேட்டேன்.

“காப்பு இருக்குல்ல மேடம். கண்ணு என்ன சொன்னாலும் காப்பு மனுஷன்னு சொல்லிட்டா அது சுடவே சுடாது. குளிக்கும்போது கூடக் கழட்ட வேணாம்னு சொல்லுங்க.”

அப்பா கழற்றினார்.

அது எனக்கு மீதி இரண்டைத் தேடி இறங்கிய காலை வரை தெரியாது. தெரிந்ததெல்லாம், ஒரு மாதமாக அப்பாவின் புள்ளி என் திரையில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது என்பதுதான். விடியற்காலையில் ஓடைக்கரை, சாயங்காலம் மேனகா அக்காவின் கொல்லை, அங்கிருந்து மலையடிப் புதர். அதைவிடக் கொடுமை, பன்றிக்கூட்டம் எங்கே வந்தாலும் சொல்லிவைத்தாற்போல அப்பாவின் புள்ளியும் அங்கே நின்றது. ‘மனிதர் உள்ளார். சுட இயலாது’ என்று கம்பம் வாயை மூடிக்கொள்ளும். பன்றிகள் சாவகாசமாகக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும்.

“எங்கப்பா போற நேரங்கெட்ட நேரத்துல?”

“நடக்கப் போறேன் கண்ணு. டாக்டரு நடக்கச் சொன்னாரு.”

“அம்மா போயி வருஷம் திரும்பல. யாரையாச்சும் பாக்கப் போறியா?”

“சீ, கழுத!” என்று சிரித்துக்கொண்டே திருநீற்றை எடுத்து எனக்குப் பூசிவிட்டுப் போய்விட்டார். அவர் முனியப்பன் கோயில் பூசாரி. பேச்சை மாற்ற வேண்டுமென்றால் திருநீறு அவருக்குக் கைகொடுக்கும்.

மேனகா அக்கா என்னைத் திட்டித் தீர்த்தாள். “கம்பம் நட்டியே கனி, அது என்ன கொடிக்கம்பமா?” என்றாள். பாதிக் கொல்லை போன பிறகு, எனக்குச் சொல்லாமல் நிறுவனத்துக்கே புகார் எழுதிப் போட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

நான் கொல்லைக்குள் இறங்கிய அந்தக் காலையில் திரை சுத்தமாக இருந்தது. மேனகா அக்காவின் கொல்லை, காட்டுப்பன்றி எட்டு, குட்டி இல்லை, மனிதர் இல்லை. சூட்டில் தெரியும் சாம்பல் உருவங்களை ஒருமுறை பார்த்தேன். ஓரத்தில் ஒன்று நொண்டிக்கொண்டு போவதாகத் தோன்றியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் புள்ளி குறுக்கே வராத முதல் காலை. சந்தோஷமாகவே அனுமதியை அழுத்தினேன்.

கம்பம் சுடத் தொடங்கி மூச்சு விடுவதற்குள் ஆறு உருவங்கள் அசைவற்றுப் போயின. இரண்டைக் காணவில்லை. ‘மீதி இரண்டு’ என்று திரை மினுக்கியது. விழுந்த உடலையெல்லாம் கண்ணால் பார்த்து, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடும்வரை என் வேலை முடியாது. அதனால்தான் இறங்கினேன்.

ஆறும் செடி வரிசைகளுக்கு நடுவே கிடந்தன. செடி என் நெஞ்சளவு இருந்தது. ரத்தத் தடம் எதுவும் எந்தப் பக்கமும் போகவில்லை. குளம்புத் தடம் தெரிகிறதா என்று குனிந்து இலைகளை விலக்கினேன்.

மேலே கிர்ர் என்று ஒரு சத்தம். கம்பத்தின் தலை திரும்பியது.

எனக்குப் பின்னால் பன்றி நிற்கிறது என்றுதான் நினைத்தேன். மெதுவாக நிமிர்ந்து திரும்பினேன். யாரும் இல்லை, எதுவும் இல்லை. கம்பமும் சத்தத்தை நிறுத்திவிட்டது. மறுபடி குனிந்தேன். கிர்ர். நிமிர்ந்தேன். நின்றது.

என் கைக்காப்பைப் பார்த்தேன். பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. போனை எடுத்து தர்ஷனைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

“சார், நான் குனிஞ்சா கம்பம் என்னப் பாக்குது.”

“பாக்கும் மேடம், அசைவு தெரிஞ்சா பாக்கத்தான் செய்யும்.”

“நிமிந்து அசைஞ்சா பாக்கல. குனிஞ்சாத்தான் பாக்குது. என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?”

அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. “அது ஒன்னுமில்ல. உங்க ஊர்ல இருந்து ஒரு புகார் வந்துச்சு. காப்பு ஒன்னு பன்னிக்கூட்டத்தோடவே சுத்துது, கம்பம் சுட மாட்டேங்குதுன்னு. பாத்தோம். கண்ணு பன்னின்னு சொல்லுது, காப்பு மனுஷன்னு சொல்லுது. ஒரு மாசமா ஒவ்வொரு தடவையும் கண்ணு சொன்னதுதான் சரி, வீடியோவுல பன்னிதான். அதனால நேத்து ராத்திரி ஒரு திருத்தம் போட்டோம். ரெண்டுக்கும் சண்டை வந்தா இனிமே கண்ணு பேச்சுதான்.”

“அப்ப காப்பு?”

“காப்பு இருக்கும். கண்ணு ஒத்துக்கிட்டா காப்பும் செல்லும்.”

“என் திரையில மனுஷங்க யாரும் இல்லைன்னு காட்டுச்சே சார்.”

“மனுஷன் இல்லைன்னு அது முடிவு பண்ணிட்டா உங்களுக்கு எதுக்கு மேடம் காட்டணும்?”

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “அது ஒதுக்கித் தள்ளுன காப்பு இந்தக் கொல்லையில இப்ப இருக்குதான்னு பாருங்க. சீக்கிரம்.”

தட்டச்சு செய்யும் சத்தம். பிறகு, “ஒன்னு இருக்கு. கிழக்கு ஓரத்துப் பள்ளம். அசையல. பேரு மாதையன்.”

அவர் மேற்கொண்டு என்னவோ சொன்னார். காதில் விழவில்லை. ஓரத்தில் நொண்டிக்கொண்டு போன அந்தச் சாம்பல் உருவம்தான் கண்ணுக்குள் நின்றது. நான்தானே அழுத்தினேன்.

“நிறுத்துங்க சார். கம்பத்த நிறுத்துங்க.”

“சுட ஆரம்பிச்சப்புறம் நம்மளால நிறுத்த முடியாது மேடம். காயம்பட்ட விலங்கைத் துடிக்க விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு சட்டம். கணக்கு முடியற வரைக்கும் அனுமதி உயிரோடதான் இருக்கும். ஃபாரஸ்ட் ரேஞ்சர் கையெழுத்து இருந்தா மட்டும் நிறுத்தலாம். நான் அவரக் கூப்பிடுறேன். நீங்க தயவுசெஞ்சு குனியாதீங்க.”

இரக்கப்பட்டு எழுதிய சட்டம். எழுதியவர் நன்றாக இருக்கட்டும்.

நிமிர்ந்து நடந்தேன். அவ்வளவு நிமிர்ந்து என் கல்யாணத்தில்கூட நான் நின்றதில்லை. கால் தடுக்கக் கூடாது, விழக் கூடாது. “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். பள்ளத்தின் விளிம்புக்கு வந்து, தலையைக் குனியாமல், கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்தேன்.

கறுப்பாக ஒரு பன்றி படுத்திருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. கயிற்றில் பச்சையாக மினுங்கிக்கொண்டு அப்பாவின் காப்பு. ஒரு காது மூளி.

ராசா! முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட பன்றி.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சாமிப் பன்றியைக் குட்டியாக இருக்கும்போதே காதைக் கொஞ்சம் அரிந்து ஊருக்குள் விட்டுவிடுவார்கள். யார் வீட்டிலும் தின்னும், யாரும் விரட்டமாட்டார்கள். மூன்றாம் வருஷம் ஆடியில் பொங்கல் வைத்து சாமிக்குப் பலி கொடுப்பார்கள். அதுவரை அதற்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. கம்பம் வந்த புதிதில் அப்பா இதைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப்போய் மஞ்சள் வில்லை கேட்டார். உரிமையாளர் பெயரில்லாமல் வில்லை தர முடியாது என்றார்கள். முனியப்பன் என்று எழுதச் சொன்னார். ஆதார் எண் கேட்டார்கள். சாமி சொத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள ஊரில் ஒருவரும் துணியவில்லை, பூசாரி உட்பட. வில்லை இல்லாமலே திரும்பி வந்தார்கள். பிறகு ராசா பருவத்துக்கு வந்து காட்டுப்பன்றிகளோடு சேர்ந்துகொண்டது.

அப்படியென்றால் ஒரு மாதமாக ஊர் சுற்றியது அப்பா இல்லை, இது. அப்பா வீட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியில் பன்றியின் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கை தெரிந்தது. நரம்பெடுத்த, மூட்டை தூக்கிக் காய்த்த கை.

“குனியாத கண்ணு” என்று பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. “உன்னையும் பாக்குது.”

“அப்பா! அடிபட்டிருச்சா?”

“இல்ல. வெல்லம் காட்டிக் கூட்டிட்டுப் போவலாம்னு வந்தேன். அதுக்குள்ள வெடிச்சிருச்சு. இவன இழுத்துக்கிட்டு உருண்டுட்டேன். எந்திரிக்கலாம்னு தலையத் தூக்குனா அங்க கிர்ருங்குது.”

“காப்ப எதுக்குப்பா இதுக்குக் கட்டின? ஆடியில குத்தப்போற பன்னிக்கு!”

“சாமிக்குன்னு விட்டத சாமிதான் எடுக்கணும். மெஷின் எடுத்தா ஊருக்கு ஆவாதுடி. எனக்கென்ன, வீட்டோட கெடக்கறவன்தானேன்னு நெனச்சேன்.”

திட்ட வேண்டும்போல இருந்தது. நேரமில்லை. போனில் தர்ஷன், ரேஞ்சர் மலைமேல் இருக்கிறார், லைன் கிடைக்கவில்லை, வேலிக்கு வெளியே போய்விட்டால் இந்தக் கம்பம் சுடாது என்று சொன்னார். வேலி அங்கிருந்து கல்லெறி தூரம். பிழைத்திருக்கும் நாளெல்லாம் அந்தத் தூரம் எனக்கு மறக்காது.

“அப்பா, நிமிந்து நடந்தா அது மனுஷன்னு நம்பும். நிமிர முடியுமா?”

கேட்டிருக்கவே கூடாது.

கம்பத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் போய் நின்றேன். அதற்கு என் முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்காலை மட்டும் மடக்கிப் பள்ளத்தில் இறங்கி, அப்பாவின் கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்தேன். அவர் ராசாவின் மேலிருந்து கையை எடுத்தார். இத்தனை நேரம் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது எழுந்து, உடம்பை உதறி, எங்களுக்கு முன்பாகக் கரையேறியது.

“ராசா, ஏறாத! டேய்!”

ஒரே வெடிச்சத்தம். அது கத்தக்கூட இல்லை. சரிந்து எங்கள் காலடிக்கே உருண்டு வந்தது. என் சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. பார்க்காமலே தெரியும். மீதி ஒன்று.

அப்பா அதன் பக்கம் கையை நீட்டினார். “சாமி, சாமி” என்றார். நான் அவரை என் நெஞ்சோடு சேர்த்து இறுக்கித் தூக்கினேன். “காலத் தூக்கி என் கால் மேல வையி. கழுத்தக் கட்டிக்க. இப்ப வலிக்கும்ப்பா.” அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கோத்து, என்னால் முடிந்தவரை நேராக இழுத்தேன். எலும்பு நெறிபடும் சத்தம் என் நெஞ்சில் கேட்டது. அப்பா அலறினார். அந்த அலறலை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“வானத்தப் பாருப்பா. தலையத் தொங்கப்போடாத. வானத்தப் பாரு.”

பக்கவாட்டில் ஓர் அடி வைத்தேன். கிர்ர். இன்னோர் அடி. கிர்ர். கம்பத்தின் தலை எங்களோடு கூடவே வந்தது. நின்று யோசித்தது, மறுபடி வந்தது. இது ஒரு மனிதரா, இரண்டா, இல்லை பன்றியைச் சுமந்துபோகும் மனிதரா என்று அதற்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. அப்பாவின் கை என் கழுத்தில் வழுக்க ஆரம்பித்தது. அவர் முதுகு தன் பழைய இடத்துக்குப் போகத் துடித்தது. நான் அழுதுகொண்டே இழுத்துப் பிடித்தேன். வேலியைத் தாண்டியதும் இரண்டு பேரும் அப்படியே விழுந்தோம். நான் அவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். சுட்டால் முதலில் என்மேல் படட்டும் என்று.

சுடவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் சுடுவது சட்டவிரோதம்.

மத்தியானம் ரேஞ்சர் வந்தார். நல்ல மனுஷன். அப்பாவுக்கு வைத்தியரை அவரே வரவழைத்தார். பிறகு என் திரையில் மினுங்கிக்கொண்டிருந்த ‘மீதி ஒன்று’ என்பதைப் பார்த்துத் தாடையைத் தடவினார்.

“இத முடிக்கணுமே. நான் கையெழுத்துப் போட்டு நிறுத்தணும்னா, எட்டாவது பன்னி இல்ல, மனுஷன்னு எழுதணும். எழுதினா விசாரணை வரும். விசாரணை முடியறவரைக்கும் மலையடிவாரத்துல இருக்கற அத்தனை கம்பத்தையும் அணைக்கணும். ஊரு ஒத்துக்குமா?”

வாசலில் மேனகா அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. தன் புகாரால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் சொன்னாள்.

“அணைக்காத கனி. உங்கப்பா கால்ல வேணும்னாலும் விழறேன். கம்பத்த அணைச்ச அன்னிக்கு ராத்திரியே எவனாச்சும் வேலியில கரண்ட் குடுப்பான். அந்தக் கம்பி பன்னியா மனுஷனான்னு யாரையும் கேக்காது.”

அவள் வீட்டுக்காரரைத் தூக்கிவந்த நாளன்று நானும் கூட இருந்தேன். எதையும் எழுத வேண்டாம் என்று ரேஞ்சரிடம் சொல்லிவிட்டேன்.

முடியாத அந்தக் கணக்கு, ‘மீதி ஒன்று’, எல்லாக் கம்பங்களுக்கும் போய்விட்டிருந்தது. எங்கள் தெருமுனையிலும் ஒரு கம்பம் உண்டு. அப்பா வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கோயிலுக்குப் போக முடியவில்லை, முற்றத்துக்கு வரக்கூட நான் விடவில்லை. கதவிடுக்கு வழியாகக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அந்தக் கண்ணும் எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ராசாவைப் புதைத்த மண் காய்வதற்குள் அப்பாவின் கன்னம் ஒட்டிவிட்டது. சோறு இறங்கவில்லை. ஒரு மனிதர் பயத்தில் எப்படிச் சுருங்குவார் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

தர்ஷன் கூப்பிட்டார். அவருக்கும் தூக்கமில்லை என்பது குரலில் தெரிந்தது.

“திருத்தத்த மாத்த மேல அனுமதி வேணும் மேடம். நாளாகும். அதுவரைக்கும் ஒரு வழி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“கண்ணுக்கும் காப்புக்கும் சண்டைங்கறதுதான் பிரச்சினை. சண்டையே வராத ஒன்னு இருக்கு. ஊர்ப்பன்னி வில்லை. கண்ணு பன்னிங்கும், வில்லையும் பன்னிங்கும். ரெண்டும் ஒத்துப்போவுது. அடுத்தவங்க சொத்தைச் சுட்டா நஷ்டஈடு, கோர்ட்டு. அதனால அந்த விதிய யாராலயும் எந்தத் திருத்தத்தாலயும் தொட முடியாது. வில்லை இருந்தா கம்பம் திரும்பிக்கூடப் பாக்காது.”

நான் போனை வைத்துவிட்டேன். அப்பா பக்கவாட்டில் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“என் காப்ப அவனுக்குக் கட்டுனேன்” என்றார். “அவனுக்குக் கெடைக்காதது எனக்குன்னு எழுதியிருக்கு. வாங்கிட்டு வா கண்ணு.”

மருந்தகத்தில் இந்தத் தடவை ஒரு சிக்கலும் வரவில்லை. ஆண், கறுப்பு, உள்ளூர் இனம் என்றேன். விலங்கைப் பார்க்க வேண்டுமே என்று கேட்ட பெண் ஊழியரிடம் என் அலுவலர் அட்டையைக் காட்டினேன். உரிமையாளர் பெயர் கேட்டார். கனிஷ்கா என்றேன். ஆதார் எண்ணும் சொன்னேன்.

அப்பாவுக்குச் சின்ன வயதில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்திய காது. கடுக்கன் போய்ப் பல வருஷமானாலும் துளை தூரவில்லை. விளக்கெண்ணெய் தொட்டு, மஞ்சள் வில்லையை அதில் மாட்டினேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அப்பா தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். கம்பத்தின் தலை கிர்ரென்று திரும்பியது. நான் வாசற்படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். அது அவரைப் பார்த்தது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அப்பா கோயிலுக்குப் போய்விட்டார். உள்ளே திரையில் எழுத்து ஓடியது. ‘மீதி ஒன்று: வளர்ப்பு. உரிமையாளர் கனிஷ்கா. தவிர்க்கப்பட்டது. கூட்டம் முடிந்தது.’

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. மேனகா அக்கா. அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், களைக்கொத்தும் கூடையுமாக. எல்லோர் கையிலும் காப்பு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் விறைத்துப்போய் நிமிர்ந்து நின்றார்கள்.

மேனகா அக்கா ஒரு காதுத் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“கடல முத்திருச்சு கனி. குனிஞ்சாத்தான் புடுங்க முடியும்” என்றாள். “எங்களுக்கும் வாங்கிக் குடு. யார் பேருல வேணும்னாலும் எழுதிக்க.”